ஊரை வரைதல்: தமிழ்ச் சூழலில் மனவரைபடமும் இடமதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

மக்கள் தம்மைச் சூழ்ந்த இடத்தை மனத்தில் எவ்வாறு பதித்துக்கொள்கின்றனர், அதனை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை ஆராயும் மனவரைபட ஆய்வு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளவியலிலும் நகரமைப்பியலிலும் தோன்றி வளர்ந்தது. இடத்தின் அமைப்பை நுணுக்கமாக அளந்த அவ்வாய்வு, இடத்தின் பொருளைப் பெரிதும் புறத்தே நிறுத்தியது. தமிழில் அப்பொருள் திசைச்சொற்களிலும், ஊர், சேரி முதலிய குடியிருப்புச் சொற்களிலும் படிந்து கிடப்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனவரைபடம், இடமதிப்பீடு, திசைச்சொற்கள், ஊர், சேரி, எல்லை, கருக்கு

முன்னுரை

தமிழ் பேசும் இருவர் முதன்முறையாகச் சந்திக்கும்போது பெயருக்கு அடுத்துக் கேட்கப்படும் வினா, 'எந்த ஊர்?' என்பதாகும். இதற்குரிய விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சென்னையில் கேட்டால் 'திருச்சி' என்பவர், திருச்சியில் கேட்டால் 'மணப்பாறை' என்பார். மணப்பாறையில் கேட்டால்தான் தம் சிற்றூரின் பெயரைச் சொல்வார். அச்சிற்றூரிலேயே ஒருவர் கேட்டால் தெருவைச் சொல்ல வேண்டியிருக்கும். தெருவைச் சொன்னவுடன், கேட்டவர் அறிய விரும்பிய வேறொன்றும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சாதியை நேரடியாகக் கேட்கத் தயங்கும் இடத்தில் தெருவைக் கேட்பது தமிழகத்தில் யாவரும் அறிந்த வழக்கமே. இடத்தைப் பற்றிய அறிவும் இடத்தைப் பற்றிய மதிப்பீடும் இங்கு ஒரே சொல்லில் கைமாறுகின்றன.

இவ்விரண்டும் பிரிக்க இயலாதவையா, அல்லது அறிவை முதலில் அளந்துவிட்டு மதிப்பீட்டைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாமா என்பது மனவரைபட ஆய்வில் தொடக்கம் முதலே இருந்துவரும் சிக்கலாகும். தமிழ்த் தரவுகள் இச்சிக்கலில் முதற்பக்கத்திற்கே வலுச்சேர்க்கின்றன. குறிப்பெடுக்கும் உத்தியாகப் பள்ளிகளில் இன்று கற்பிக்கப்படும் கிளைப்படத்தையும் 'மனவரைபடம்' என்றே தமிழில் அழைப்பதால் சிறு குழப்பம் நேர்வதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல், ஒருவர் தாம் வாழும் இடத்தைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள உருவத்தை மட்டுமே சுட்டுகிறது.

மனவரைபடம் என்னும் கருத்தாக்கம்

இக்கருத்தாக்கத்திற்கு ஆய்வுலகில் இடம் தேடித் தந்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டோல்மன். எலி ஒன்று சிக்கலான பாதையமைப்பில் உணவை அடையக் கற்பது, 'இங்கே வலம், அங்கே இடம்' என்ற பழக்கச் சங்கிலியே என அக்கால நடத்தையியலார் கருதினர். டோல்மன் குழுவினர், எலிகள் பழகிய பாதையை அடைத்துவிட்டு, பல திசைகளில் பிரியும் புதிய பாதைகளைத் திறந்து வைத்தனர். பழைய பாதைக்கு அண்மையில் இருந்த பாதைகளை விடுத்து, உணவு இருந்த திசையை நோக்கிச் செல்லும் பாதையையே எலிகள் பெரிதும் தேர்ந்தன. திருப்பங்களின் வரிசையை மட்டுமன்றி, இடத்தின் ஒட்டுமொத்த அமைப்பையும் அவை அறிந்திருந்தன என்பது இதன் பொருள். 1948இல் வெளியிட்ட கட்டுரையில் டோல்மன் இதனை 'அறிதல் வரைபடம்' என்றார். மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும் இயங்கும் நரம்பணுக்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டறிந்தார். இத்துறைப் பணிக்காக அவருக்கும் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோருக்கும் 2014இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

'வரைபடம்' என்ற உவமை ஓரளவுக்கே பொருந்தும். மனத்தில் உள்ள படம் அளவுக்கோலின்படி அமைவதில்லை. அது வகைப்பாடுகளால் வளைக்கப்படுகிறது. அமெரிக்காவின் கடற்கரை மாநிலமான கலிபோர்னியாவில் உள்ள சான் டியேகோ, அதற்குக் கிழக்கில் உள்ள நெவாடா மாநிலத்தின் ரீனோ நகருக்கு மேற்கே இருப்பதாகவே பலர் கருதினர் என்பதை ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், பேட்டி கூப் ஆகியோர் 1978இல் எடுத்துக்காட்டினர். உண்மையில் ரீனோவே சற்று மேற்கில் உள்ளது. இதற்கு இணையான ஒன்றைத் தமிழ்ச் சூழலிலும் காட்டலாம். திருவனந்தபுரம் கேரளத்தில் உள்ளது. கேரளம் மேற்குக் கரை. எனவே அது கோயம்புத்தூருக்கு நெடுந்தொலைவு மேற்கே இருக்க வேண்டும் எனத் தோன்றும். உண்மையில் இரு நகரங்களும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், 77 பாகை கிழக்கிற்குச் சற்று உள்ளாக அமைந்துள்ளன. மாநில எல்லை என்னும் வகைப்பாடு மனத்தின் படத்தை இழுத்து வளைக்கிறது. மாநில எல்லை செய்வதைத் தெருவெல்லையும் செய்யும்.

லிஞ்ச் விட்டுச்சென்றது

நகரமைப்பியலாளர் கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட 'தி இமேஜ் ஆஃப் தி சிட்டி' என்னும் நூலே, மக்களை வரையச் சொல்லி இடவுருவத்தை அறியும் முறையைப் பரவலாக்கியது. பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்று நகரங்களில், பாஸ்டனில் ஏறத்தாழ 30 பேரையும் மற்ற இரண்டில் 15 பேர் வீதமும் நேர்கண்டு, நகரின் படத்தை வரையச் செய்தார். பாதை, விளிம்பு, வட்டாரம், கூடுமிடம், அடையாளச்சின்னம் என்னும் ஐந்து கூறுகளை அப்படங்களிலிருந்து வகுத்தார்.

இவ்வைந்தும் மதுரைக்கு எளிதில் பொருந்துவன போலத் தோன்றும். மீனாட்சியம்மன் கோயிற் கோபுரங்கள் அடையாளச்சின்னம், வையை விளிம்பு, கோயிலைச் சூழ்ந்து ஒன்றினுள் ஒன்றாக அமைந்த ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் பாதைகள். ஆனால் வீதிகளின் பெயர்களை நோக்கியவுடன் சட்டகம் நெகிழ்கிறது. அவை திங்கட்பெயர்கள். எந்த விழாவில் எந்த வீதியில் இறைவன் உலா வருவார் என்பதே வீதிக்குப் பெயராயிற்று. மாசியில் நிகழ்ந்த பெருவிழா திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு மாற்றப்பட்டது என்பர். அதனால் இன்று சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். பெயரும் பொழுதும் பிரிந்த பின்னும், மதுரை மக்கள் தம் நகரை நினைப்பது அத்திங்கட்பெயர்களின் வழியேதான். லிஞ்சின் ஐந்து கூறுகளில் பொழுதுக்கு இடமில்லை.

மேலும் ஒன்று உண்டு. ஓர் இடவுருவத்தில் தனியடையாளம், அமைப்பு, பொருள் என மூன்று பகுதிகள் உள்ளன என்று லிஞ்சே அந்நூலில் வகுத்துரைக்கிறார். பின்னர், பொருள் ஆளுக்கு ஆள் மாறுபடும், அதனை நகரமைப்பாளர் நேரடியாக ஆள இயலாது என்ற காரணத்தால் முதலிரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப்பின் தம் நூலை மறுமதிப்பீடு செய்தபோது, நேர்காணப்பட்டோர் சிலரே என்பதையும், அவர்கள் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர் என்பதையும், பொருளைத் தாம் போதிய அளவு கருதவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். இந்நேர்மை போற்றத்தக்கது. எனினும் அவர் முறையைப் பின்பற்றியோர் பலர் ஐந்து கூறுகளை எண்ணிப் பட்டியலிடுவதோடு நின்றுவிட்டனர். தமிழகச் சிற்றூர் ஒன்றில் அவ்வாறு எண்ணினால், கோயில் ஒரு சின்னம், குளம் ஒரு விளிம்பு என்று எழுதிக்கொள்ளலாம். அக்குளத்தின் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்பது எழுதப்படாமலே போகும்.

யாருடைய படம் என்னும் வினாவை எழுப்பியவர் பீட்டர் ஆர்லியன்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸின் வெவ்வேறு பகுதிகளில் வாழ்வோரிடமிருந்து அவர் திரட்டிய தரவுகள் 1973இல் வெளியாயின. வெஸ்ட்வுட் பகுதியின் வசதிமிக்க வெள்ளையர், கடற்கரை முதல் மலைகள்வரை விரிந்த நகரை வரைந்தனர். பாயில் ஹைட்ஸ் பகுதியின் ஸ்பானிய மொழி பேசும் மக்களின் நகரமோ, தம் குடியிருப்பு, நகர மன்றக் கட்டடம், பேருந்து நிலையம் என்னும் சிறு வட்டத்துள் அடங்கிவிட்டது.

மதிப்பீட்டை நேரடியாக அளக்க முயன்றவர் புவியியலாளர் பீட்டர் கூல்ட். 'எங்கே வாழ விரும்புவாய்?' என்று மாணவர்களிடம் கேட்டு, விடைகளைச் சமவிருப்பக் கோடுகளாக நாட்டுப் படத்தின்மேல் வரைந்தார். ரோட்னி வைட்டுடன் இணைந்து அவர் 1974இல் வெளியிட்ட 'மென்டல் மேப்ஸ்' இவ்வகையில் முன்னோடி நூல். பிரித்தானியப் பள்ளி மாணவர் பலரிடம், தம் சொந்த வட்டாரத்தின்மேல் ஒரு விருப்பக் குன்றும், தென்கடற்கரை நெடுகிலும் மற்றொரு விருப்ப மேடும் இருந்தமை அப்படங்களில் தெரிந்தது. விருப்பத்தை அளந்த கூல்ட், செல்ல அனுமதியில்லாத இடத்தை அளக்கவில்லை. அவர் கேட்ட வினாவில் அதற்கு வழியும் இல்லை.

நிலமும் பொழுதும்: ஓர் எச்சரிக்கை

தமிழ் ஆய்வாளர் இவ்விடத்தில் திணைக்கோட்பாட்டை நினைவுகூர்வது இயல்பே. தொல்காப்பியம் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாகவே வைக்கிறது. நிலத்தைப் பொழுதின்றிக் கூறுவதில்லை. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை என்னும் இணைப்பு, லிஞ்சின் சட்டகத்தில் இல்லாத ஒன்றை நமக்கு நினைவூட்டுகிறது. ஏ. கே. இராமாநுஜன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு 'அகநிலம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டதும் இவ்வழிச் சிந்தனைக்கு ஊக்கமளித்தது.

எனினும் ஐந்திணையைப் 'பழந்தமிழரின் மனவரைபடம்' என்று அப்படியே பெயரிட்டுவிடுவது விரைந்த முடிவாகும். திணை, நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்த புலனெறி வழக்கு. புலவோர் பலர் ஒப்புக்கொண்ட மரபு அது. ஓர் ஊரில் நடந்து திரிந்த ஒருவரின் நினைவுப்படம் அன்று. மருதத்தின் ஊடலைக் கொண்டு வயலில் உழைத்தவர் வயலை எவ்வாறு கண்டார் என்பதை அறிய முடியாது. திணையிலிருந்து இவ்வாய்வு கொள்ளத்தக்கது ஒன்றே: இடம் தமிழில் பொழுதோடும் உணர்வோடும் சேர்த்தே எண்ணப்பட்டிருக்கிறது. உச்சிப்பொழுதில் புளியமரத்தடியைத் தவிர்த்துச் செல்லும் சிற்றூர் வழக்கத்திலும் இவ்வெண்ணத்தைக் காணலாம். காலையில் வழியாக இருக்கும் இடம், உச்சியில் வழியாக இருப்பதில்லை.

திசைச்சொற்களும் நிலச்சரிவும்

வடமொழியில் கிழக்கைக் குறிக்கும் 'பிராசி' முன்புறத்தையும், தெற்கைக் குறிக்கும் 'தட்சிணம்' வலப்புறத்தையும் சுட்டுவன. ஞாயிற்றை நோக்கி நிற்கும் மனித உடல் அங்கு அளவுகோல். தமிழின் கிழக்கு, மேற்கு ஆகியவை அவ்வாறு பிறந்தவையல்ல. சங்க நூல்களில் பயிலும் குணக்கு, குடக்கு என்னும் சொற்கள் பின்னர் அருக, கீழ், மேல் என்னும் அடிகளிலிருந்து அமைந்த கிழக்கும் மேற்கும் நிலைபெற்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி வங்கக் கடல்நோக்கிச் சரியும் நிலமே இச்சொற்களின் அளவுகோல். நீர் வரும் பக்கம் மேல். நீர் போகும் பக்கம் கீழ்.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதனை ஒரு சான்றாகப் பயன்படுத்தினார். மலையாளத்தில் மேற்கைக் குறிக்கும் வழக்குச்சொல் ஞாயிறு படுதலை ஒட்டிய 'படிஞ்ஞாறு'. கிழக்கைக் குறிப்பதோ தமிழைப்போலக் 'கிழக்கு' என்பதே. கேரளத்தில் கிழக்குத்தான் உயர்ந்த மலைப்பக்கம். தாழ்ந்த பக்கம் என்னும் பொருளுடைய சொல் அங்கு உயர்ந்த பக்கத்திற்கு வழங்குவதால், அச்சொல் மலைக்குக் கிழக்கே வாழ்ந்தோரிடையே பிறந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மொழியுறவு பற்றிய அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. நிலத்தின் சரிவு ஒரு சொல்லில் உறைந்து, சரிவு மாறிய பின்னும் அச்சொல்லில் தங்கியிருந்ததை அவர் கண்டுகொண்டார் என்பதே இங்கு வேண்டுவது.

இச்சொற்களின் அன்றாடப் பயன்பாட்டைத் தமிழகத்தில் ஆராய்ந்தவர் மொழியியலாளர் எரிக் பீடர்சன். மேசைமேல் உள்ள சிறு பொருள்களின் இருப்பைச் சொல்வதற்குக்கூடச் சிற்றூர்த் தமிழர் பலர் கிழக்கு, மேற்கு என்னும் திசைகளையே கையாள்வதையும், நகரத் தமிழர் இடது, வலது என்பவற்றைக் கையாள்வதையும் 1990களில் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் பதிவுசெய்தார். ஸ்டீபன் லெவின்சன் முதலியோர் பல மொழிகளில் நடத்திய சோதனையில், ஒரு மேசையில் வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளைப் பார்த்துவிட்டு, உடலை 180 பாகை திருப்பி மற்றொரு மேசையில் அதே வரிசையை அமைக்க வேண்டும். இடவலமாக எண்ணுவோர் வரிசையையும் தம் உடலோடு சேர்த்துத் திருப்பிவிடுவர். திசையாக எண்ணுவோர் கிழக்கு நோக்கிய விலங்கை மீண்டும் கிழக்கு நோக்கியே வைப்பர். பேசும் பழக்கத்திற்கும் இவ்வாறு வைக்கும் பழக்கத்திற்கும் தொடர்பு இருப்பதை இவ்வாய்வுகள் காட்டின. மொழி ஒன்றாயினும், அம்மொழியைப் பேசுவோரின் மனவரைபடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விருந்தில் இலை போடும்போது நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் எனக் கண்டிப்புக் காட்டும் அதே பாட்டி, 'கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்' என்று சொல்வதைச் சிற்றூர்ப் பந்திகளில் இன்றும் கேட்கலாம்.

மேல், கீழ் ஆகியவை நிலச்சரிவை மட்டும் குறிக்கும் சொற்களாக நின்றுவிடவில்லை. மேலோர், கீழோர், மேன்மை, கீழ்மை எனத் தகுதியையும் அவை குறிக்கின்றன. மேலத்தெருவில் வாழ்வோர் எங்கும் ஆதிக்கச் சாதியினரே என்றோ, கீழத்தெருவில் வாழ்வோர் எங்கும் ஒடுக்கப்பட்டோரே என்றோ கூற இயலாது. மதுரையின் மேலமாசி வீதியும் கீழமாசி வீதியும் திசையையன்றி வேறெதையும் சுட்டுவதில்லை. ஆயினும் திசையும் தகுதியும் ஒரே சொல்லைப் பகிரும் மொழியில், தெருப்பெயரைக் கேட்பவர் எப்பொருளில் கேட்கிறார் என்பது சூழலைப் பொறுத்ததாகிறது.

நடந்து காட்டும் எல்லை

நியூயார்க் மக்களிடம் தம் வீட்டின் அமைப்பைக் கூறச் சொன்ன சார்லட் லிண்டேவும் வில்லியம் லபோவும், மிகப் பெரும்பாலோர் வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் கூறவில்லை. வாயிலில் நுழைந்து ஒவ்வோர் அறையாக நடப்பதுபோலவே கூறினர் என்பதை 1975இல் வெளியிட்டனர். சோழர் செப்பேடுகளைப் பயின்றோருக்கு இது புதிதாகத் தோன்றாது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு வழங்கிய கொடையைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேட்டில், கொடையூரின் எல்லை பிடி சூழ்ந்து வரையறுக்கப்படுகிறது. பெண்யானை நடக்க, அலுவலரும் ஊரவரும் உடன் நடக்க, வாய்க்கால், வரப்பு, மேடு எனக் கடந்த ஒவ்வொன்றும் திசையோடு எழுதப்படுகிறது. ஏட்டில் நீளும் அந்த எல்லையுரை, சொல்லால் ஆன நடைவழிப் படம். அதைப் படிப்பவர் மனத்தில் உடன் நடந்தாலன்றி அந்த ஊர் உருப்பெறாது.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளில் மற்றொரு வகைப் படம் உள்ளது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிலத்தில் வரி விதிக்கத்தக்கது எது எனக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியன கழிக்கப்படுகின்றன. அரசின் கண்ணுக்கு இவை அனைத்தும் வரி தராத நிலம் என்ற வகையில் ஒன்றே. ஆனால் ஊர்நத்தமும் பறைச்சேரியும் தனித்தனிப் பெயர்களோடு பட்டியலில் நிற்பது, 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே குடியிருப்பு பிளவுண்டிருந்ததைக் காட்டுகிறது.

ஊரும் கிராமமும்

ஒரே குடியிருப்பை இரு வேறு சொற்களால் கேட்டால் இரு வேறு படங்கள் கிடைக்கும் என்பதைக் காட்டியது இ. வாலண்டைன் டேனியலின் 'ஃப்ளூயிட் சைன்ஸ்' என்னும் நூல் (1984). திருச்சி வட்டாரத்தில், களப்பூர் என அவர் புனைபெயரிட்ட சிற்றூரில், மக்களிடம் 'ஊர்' படத்தையும் 'கிராமம்' படத்தையும் வரையச் சொன்னார். கிராமத்தை வரைந்தோர் முதலில் எல்லைக் கோட்டை நேராக வரைந்துகொண்டு, பிறகு உள்ளே நிரப்பினர். வருவாய்த் துறையின் படம் அவர்கள் மனத்தில் இருந்தது. ஊரை வரைந்தோர் நடுவிலிருந்து, கோயில் முதலிய சிறப்பிடங்களிலிருந்து தொடங்கினர். எல்லையை அடைந்தபோதும் கோட்டை இழுப்பதில் அவர்கள் கருத்து செல்லவில்லை. காவல் தெய்வங்களின் இருப்பிடங்கள், வெளியிலிருந்து பாதை உள்ளே நுழையும் முனைகள் ஆகியவற்றைக் குறிப்பதிலேயே சென்றது. கிராமத்தின் எல்லை அளவைக்குரிய கோடு. ஊரின் எல்லை தீங்கு புகக்கூடிய வாயில்களின் தொகுதி.

'எந்த ஊர்?' என்னும் வினாவின் விடை இடத்துக்கு இடம் மாறுவதன் காரணமும் இதனால் விளங்குகிறது. கிராமம், தேசம் ஆகியவை யார் சொன்னாலும் ஒன்றையே குறிப்பவை; ஊர், நாடு ஆகியவை சொல்பவரை மையமாகக் கொண்டு விரிந்து சுருங்குபவை என்பது டேனியல் காட்டும் வேறுபாடு. ஊரின் மண்ணுக்கும் அங்கு வாழ்வோருக்கும் குணவொற்றுமை உண்டென்றும், மண்ணின் குணம் உண்ணும் சோற்றாலும் பருகும் நீராலும் மனிதருள் சேர்கிறதென்றும் அம்மக்கள் கருதியதை அவர் விரிவாகப் பேசுகிறார். 'அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்னும் பேச்சில் இக்கருத்தின் சாயல் இன்றும் உண்டு. லிஞ்ச் தள்ளிவைத்த பொருள், களப்பூரின் படங்களில் முதற்கோட்டிலேயே வந்துவிடுகிறது.

ஊருக்கு வெளியே உள்ள ஊர்

ஊரை நடுவிலிருந்து வரையும்போது, அந்த நடு யாருடையது என்னும் வினா எழுகிறது. சிற்றூர்ப் பேச்சில் 'ஊர்' என்பது பெரும்பாலும் சேரி நீங்கிய பகுதியையே குறிக்கும். சேரியில் வாழ்பவரும் 'ஊருக்குள்ளே போய்விட்டு வருகிறேன்' என்றே சொல்லப் பழகியிருக்கிறார். வருவாய்ப் பதிவேட்டில் இரண்டும் ஒரே கிராமத்தின் பகுதிகள். பேச்சு மொழியில் ஒன்று ஊர், மற்றொன்று ஊர் அன்று.

சேரி என்னும் சொல் தொடக்கத்திலேயே இழிவுக்கு உரியதாக இருக்கவில்லை. சேர்ந்து வாழும் இடம் என்னும் பொருளில் அது பழைய இலக்கியங்களில் வழங்குகிறது. உத்தரமேரூர் போன்ற பிராமணக் குடியிருப்புகளில் ஊர்ப்பிரிவுகளுக்கே சேரி என்ற பெயர் இருந்தது. அச்சொல்லின்மேல் இழிவு ஏறியமைக்கு ஒலியோ வேர்ப்பொருளோ காரணமன்று. அங்கு வாழ்ந்தோர்மேல் சுமத்தப்பட்ட மதிப்பீடே காரணம். அடுத்து வந்த 'காலனி' என்னும் சொல்லின் வரலாறும் இதுவே. அரசு ஒதுக்கிய மனைகளில் எழுந்த குடியிருப்புக்கு வழங்கிய பொதுச்சொல், ஓரிரு தலைமுறைக்குள் சேரி சுமந்த பொருளைத் தானும் சுமக்கத் தொடங்கியது. நகரங்களில் வசதிமிக்கோர் வாழும் பகுதிகளும் காலனி என்றே பெயர் கொண்டிருந்தும், அங்கு இப்பொருள் ஏறவில்லை. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் எனத் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இவ்வறிவிப்பு தேவையானதே. எனினும் சேரியிலிருந்து காலனிக்குப் பொருள் இடம்பெயர்ந்த விரைவை நோக்கும்போது, புதிய பெயர்மேலும் அது ஏறாதிருக்க, தெருக்களுக்கு இடையிலான நடமாட்டமும் மாறியாக வேண்டும் எனத் தோன்றுகிறது.

ஆய்வாளரும் இப்படத்திற்கு வெளியே நிற்பதில்லை. தஞ்சை வட்டாரத்தில் ஸ்ரீபுரம் எனப் புனைபெயரிட்ட ஊரை ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரத்தில் தங்கியே ஆய்வு செய்தார். 1965இல் வெளியான அவர் நூல் அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என்னும் முப்பிரிவை மிகத் தெளிவாக வரைந்துகாட்டியது. ஆனால் அக்கிரகாரத்தில் தங்கியதே சேரியோடு நெருங்கிப் பழகத் தடையாயிற்று. ஊரை எந்தத் தெருவிலிருந்து பார்க்கத் தொடங்குகிறோம் என்பது, படத்தில் எது விரிவாக அமையும், எது வெறும் பெயராக நிற்கும் என்பதை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. எனவே வரையச் சொல்லும் முறையைத் தமிழகச் சிற்றூரில் கையாள்வோர், வரைந்து முடித்த தாளை மட்டும் திரட்டுவது போதாது. முதற்கோடு எங்கு விழுந்தது, எது கடைசியில் சேர்க்கப்பட்டது, எது கேட்ட பின்னரும் சேர்க்கப்படவில்லை, எந்தச் சொல்லால் வினவப்பட்டது என்பனவும் பதிவாக வேண்டும். இருபுறத்திலிருந்தும் வரையச் செய்யாத ஊர்ப்படம் பாதிப் படமே.

மறுபுறத்திலிருந்து வரையப்பட்ட படம் தமிழில் எழுத்திலேயே உள்ளது. 1992இல் வெளியான பாமாவின் 'கருக்கு' ஊரின் வருணனையோடு தொடங்குகிறது. முதலில் சுற்றியுள்ள மலைகள், அவற்றின் பெயர்கள், பெயர்க்காரணங்கள். அடுத்து நீர்நிலைகளும் வயல்களும். அதன்பின் தெருக்கள், எத்தெருவில் எச்சாதியார் என்னும் விவரம். அஞ்சலகம், ஊராட்சி அலுவலகம், பால் பண்ணை, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடங்கள் ஆகிய யாவும் அவர்கள் தெருக்களில் இருந்தன என்பதை ஆசிரியர் எவ்வித விளக்கமும் இன்றி அடுக்கிச் செல்கிறார். லிஞ்சின் வகைப்பாட்டில் இவை கூடுமிடங்களாகவும் சின்னங்களாகவும் எண்ணப்படும். கருக்கில் இவை ஒவ்வொன்றும், சென்று வர வேண்டிய இடங்கள். வரவேற்பில்லாத தெருவைக் கடந்து அடைய வேண்டிய இடங்கள்.

அந்நூலில் தொலைவும் இரு வகையாக அளக்கப்படுகிறது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் சிறுமி பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழி பத்து நிமிட நடைக்கு உரியதே. கடைத்தெருவில் கண்ட வேடிக்கைகளையெல்லாம் நின்று பார்த்து வருவதால், அவளுக்கு அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகிறது. குரங்காட்டி, பாம்பாட்டி, கடைகள் என அவ்வழி முழுவதும் மகிழ்ச்சிக்குரியதாகவே அவள் மனத்தில் பதிந்திருக்கிறது. அவ்வழியின் முடிவில், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து நிலவுடைமையாளரிடம் பணிந்து கொடுப்பதைக் காண்கிறாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணன் காரணத்தைச் சொன்ன பின்னரே அவளுக்கு விளங்குகிறது. மறுநாளும் பள்ளிக்குப் போக அவளுக்கு இருந்தது அதே வழிதான்.